அதிகாலைச் சங்கிலிப் பறிப்பும் தெரு வழியே வரும் நெல் லாரிகளும்: காவல் நிலையத்தை எப்படி அணுகுவது?

குடமுருட்டிக் கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்குத் தெற்கே, தஞ்சாவூர் மாவட்டமும் திருவாரூர் மாவட்டமும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் இருக்கிறது எங்கள் ஊர். வாய்க்காலை ஒட்டி நீளும் இரண்டு தெருக்கள், ஒரு பிள்ளையார் கோயில், ஒரு நடுநிலைப் பள்ளி, ஊர்க்கோடியில் நேரடி நெல் கொள்முதல் நிலையம், அவ்வளவுதான் ஊர். இத்தனை காலம் கதவைச் சாத்தாமல் திண்ணையில் படுத்துறங்கிய ஊர் இது. இப்போது மூன்று கவலைகள் ஒன்றாக வந்து சேர்ந்திருப்பதால் உங்கள் ஆலோசனையைக் கேட்கிறேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு என் அண்ணி வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர், கொள்முதல் நிலையத்துக்கு வழி கேட்பதுபோல் வண்டியை நிறுத்தினர். அண்ணி நிமிர்ந்து கை காட்டிய நேரத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் தாலிச் சங்கிலியைப் பற்றி இழுத்துவிட்டான். அவர் இரண்டு கைகளாலும் விடாமல் பிடித்துக்கொண்டதால் சங்கிலி நடுவில் அறுந்தது; தாலியும் ஒன்றேகால் பவுன் அளவுள்ள துண்டும் அவர் கைக்குள் தங்கின, மீதி இரண்டு பவுனுக்கு மேல் போய்விட்டது. கோலமாவுக் கிண்ணம் உருண்டு கொட்டியிருந்தது. அந்த மாவின் மேல் ஏறிச் சென்ற வண்டிச் சக்கரத்தின் தடம் பத்தடி தூரத்துக்கு வெள்ளையாகப் பதிந்திருந்ததைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். கழுத்தைச் சுற்றிக் கயிறு அறுத்தாற்போல் ஒரு காயம். அன்று மாலையே அரசு மருத்துவமனையில் வெளிநோயாளர் சீட்டுப் போட்டு ஊசியும் போட்டுக்கொண்டோம்.

காவல் நிலையத்துக்குச் சென்றபோது முதலில் சம்பவ இடம் தங்கள் எல்லைக்குள் வருமா என்று அரை மணி நேரம் பேசினார்கள். பிறகு, “பறித்துச் சென்றார்கள் என்று எழுதினால் நீங்கள் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்கும், தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள், கிடைத்தால் சொல்லி அனுப்புகிறோம்” என்றார்கள். பதற்றத்தில் இருந்த என் அண்ணன் அப்படியே எழுதிக் கொடுத்து, சி.எஸ்.ஆர் ரசீதை (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் சீட்டு) வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இருபத்து மூன்று நாட்கள் ஆகிவிட்டன. யாரும் வந்து பார்க்கவில்லை.

இரண்டாவது கவலை லாரிகள். அறுவடை தொடங்கியதிலிருந்து கொள்முதல் நிலையத்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிடங்குக்குப் போகும் லாரிகள் பள்ளி விடும் நேரத்தில்தான் தெரு வழியாக வருகின்றன. எதிரே ஒரு டிராக்டர் வந்தாலும் பிள்ளைகள் வாய்க்கால் மதகின் மேல் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கவலைதான் எனக்கு உறக்கம் கெடுப்பது. சங்கிலி போன பிறகு எங்கள் இளைஞர்கள் பத்துப் பேர் தடியும் டார்ச் விளக்குமாக இரவுக் காவல் சுற்றத் தொடங்கினார்கள். நான்காம் நாள், அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி (ஆடு மேய்ப்பவர்) ஒருவரைத் தண்ணீர் எடுக்க வந்த இடத்தில் மடக்கி, அடிக்கவே கை ஓங்கிவிட்டார்கள். கிடைக்கு அழைத்து வந்த நிலத்துக்காரர் ஓடி வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. நாங்கள் இப்போது என்ன செய்ய வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற எழுத்தர்

ஐயா, டெல்டா மாவட்டக் காவல் நிலையங்களில் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் அண்ணனிடம் அப்படி எழுதி வாங்கியது தவறு. அதைத் துறையில் இருந்தவன் என்ற முறையில் முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஏன் நடக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பறிப்பு வழக்கு ஒன்று பதிவானால், மாதந்தோறும் நடக்கும் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி அதைப் பற்றிக் கேட்பார். ஆள் பிடிபட்டானா, நகை மீட்கப்பட்டதா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பதில் சொல்ல வேண்டும். தொலைந்த பொருளுக்கு அந்தக் கேள்வி இல்லை. அதனால்தான் பேனா அந்தப் பக்கம் சாய்கிறது.

இதனால் உங்களுக்கு ஏற்படும் இழப்பு இரண்டு பவுனோடு நிற்பதில்லை. இரவு ரோந்து எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதை நிலையத்தில் இருக்கும் பதிவுகளை வைத்துத்தான் வகுக்கிறார்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த வகைக் குற்றம் என்று பதிவாகியிருக்கிறதோ அங்கேதான் பீட் காவலரை, அதாவது ரோந்து சுற்றும் காவலரை, அனுப்புவார்கள். உங்கள் ஊரில் ஒரு சங்கிலி தொலைந்ததாக மட்டுமே பதிவு இருக்கும்போது, ஐந்து மணிக்கு அங்கே ஆள் அனுப்ப வேண்டும் என்று எந்த உதவி ஆய்வாளருக்கும் தோன்றாது. பம்பு செட்டில் வயர் வெட்டியது, இரண்டு ஆடு காணாமல் போனது, கோயில் உண்டியலை நெம்பிப் பார்த்தது என்று ஊரில் பேசிக்கொள்வீர்களே, அவற்றில் எத்தனை எழுத்தில் கொடுக்கப்பட்டன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ரோந்து காவலர் வந்து போனதற்குக் கையெழுத்திடும் பட்டாப் புத்தகம் என்று ஒன்று உண்டு. வங்கி, கோயில், நகைக்கடை போன்ற இடங்களில் வைத்திருப்பார்கள். உங்கள் பிள்ளையார் கோயிலில் ஒரு புத்தகம் வைக்குமாறு ஊரார் கையெழுத்திட்டு ஆய்வாளரிடம் கேளுங்கள். அதில் வெறுமனே “ரோந்தை அதிகப்படுத்துங்கள்” என்று எழுதாதீர்கள். அதிகாலை நாலரை முதல் ஆறு மணி வரை, மேற்குத் தெருவும் வாய்க்கால் பாலமும், என்று நேரத்தையும் இடத்தையும் சொல்லிக் கேளுங்கள். நிலையத்தில் ஆள் குறைவு என்பது பொய்யல்ல. தேர், தெப்பம், அமைச்சர் வருகை, மறியல் என்று பாதிப் பேர் பந்தோபஸ்துக்குப் போய்விடுவார்கள். இருக்கிற இருவர் இரவு முழுவதும் முப்பது ஊர் சுற்ற வேண்டும். குறிப்பிட்ட ஒன்றரை மணி நேரத்தைக் கேட்டால் அவர்களால் தர முடியும். வெளியூர் போகிறவர்களும் பூட்டிய வீட்டின் விவரத்தை நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இளைஞர்கள் விஷயத்தில் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். அந்தத் தடியை இன்றே கீழே வைக்கச் சொல்லுங்கள். 1993ஆம் ஆண்டு இராமநாதபுரத்தில் தொடங்கப்பட்ட, காவலருக்கு உதவும் தன்னார்வலர்களின் காவல்துறை நண்பர்கள் குழுவை மாநிலம் முழுவதும் ஊக்குவித்தார்கள். நல்ல நோக்கத்தோடு வந்தவர்கள் அதில் நிறையப் பேர் இருந்தார்கள். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்ததில் அந்தக் குழுவினருக்கும் பங்குண்டு என்ற புகார் எழுந்த பிறகு அந்த அமைப்புக்கே அரசு தடை விதித்தது. பயிற்சி பெற்றவர்கள் கதையே அப்படி முடிந்தது. உங்கள் பிள்ளைகள் விழித்திருக்கட்டும், சந்தேகமான வண்டியின் எண்ணைக் குறிக்கட்டும், 112 அல்லது 100க்கு அழைக்கட்டும். யாரையும் மறிக்கவும் சோதிக்கவும் கூடாது. கிடைக்கு ஆள் அழைத்து வரும் நிலத்துக்காரர், எந்த வயலில் எத்தனை நாள் கிடை இருக்கும் என்று ஊரில் முன்கூட்டியே சொல்லிவிட்டால், நம் வயலுக்கு உரம் சேர்க்க வந்தவரைத் திருடன் என்று எண்ணும் அவலம் நேராது.

மயிலாடுதுறை வழக்கறிஞர்

சட்டப் பகுதியை நான் சொல்கிறேன். காலம் கடந்துவிடவில்லை, ஆனால் இந்த வாரமே செய்யுங்கள்.

உங்கள் அண்ணி, தம் பெயரில், நடந்ததை நடந்தபடி எழுதி இரண்டாவது புகார் ஒன்றைக் கொடுக்க வேண்டும். முதல் மனுவில் தொலைந்தது என்று எழுத நேர்ந்த சூழ்நிலையையும் அதில் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பின்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் பிடிப்பார். சங்கிலிப் பறிப்பைத் தனிக் குற்றமாக்கி, மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கும் பிரிவு 304, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது இருக்கிறது. ஆனால் உங்கள் விவரத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த வெளிநோயாளர் சீட்டு. திருடும்போது வேண்டுமென்றே காயம் ஏற்படுத்தினால் அது கொள்ளையாகிறது; பிரிவு 309இன்படி பத்தாண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரியது. எனவே சீட்டின் நகல், கழுத்துக் காயத்தின் படம், கோலமாவுத் தடத்தின் படம், கையில் தங்கிய சங்கிலித் துண்டைப் பற்றிய குறிப்பு ஆகிய நான்கையும் புகாரோடு இணையுங்கள். அந்தத் துண்டைப் பொற்கொல்லரிடம் கொடுத்து ஒட்ட வைத்துவிடாதீர்கள், அறுந்த முனை ஒரு சான்று. படங்களை வழக்கில் பயன்படுத்த, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழ் தேவைப்படும். படம் எடுத்த கைப்பேசியையும் மாற்றிவிடாதீர்கள்.

எல்லைப் பிரச்சினையைக் காரணம் காட்டிப் புகாரை மறுக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173, குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம் என்று சொல்கிறது. மின்னணு வழியாகவும் தரலாம். அப்படித் தந்தால் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும். கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பர் 12 அன்றே தீர்ப்பளித்துவிட்டது. மூன்று முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு பதினான்கு நாள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய சட்டத்தில் இடமுண்டு. உங்கள் புகார் பிரிவு 309இல் அடங்குவதால் அந்தக் காத்திருப்பும் பொருந்தாது.

நிலையத்தில் ஏற்க மறுத்தால், புகாரின் சாரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு நீதித்துறை நடுவரை அணுகலாம். பதிவானதும் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

இளைஞர்களைப் பற்றி எழுத்தர் ஐயா சொன்னதை நான் வழிமொழிகிறேன். பொதுமக்களில் ஒருவர் கைது செய்யச் சட்டம் இடம் கொடுப்பது, பிணையில் விட முடியாத, கைது செய்யத்தக்க குற்றம் அவர் கண்முன் நடக்கும்போதும், அறிவிக்கப்பட்ட தலைமறைவுக் குற்றவாளியின் விஷயத்திலும்தான். பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் காவலரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தண்ணீர்க் குடத்தோடு நடந்து வந்தவரை மறித்ததற்கு அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை, வழக்கு உங்கள் பிள்ளைகள் மேல்தான் வரும்.

மன்னார்குடிப் பக்கத்து விவசாயி

வணக்கம் அண்ணா. லாரி விஷயத்தில் நாங்கள் மூன்று அறுவடைக் காலம் போராடியதால் எழுதுகிறேன். எங்கள் ஊரிலும் முதலில் லாரிகளை மறித்தோம். ஓட்டுநர்களோடு சண்டையானது, நெல் தேங்கி எங்கள் மூட்டையே நனைந்தது, அதுதான் மிச்சம். கொள்முதல் நிலையம் ஊரை விட்டுப் போய்விட்டால் நமக்குத்தான் நட்டம் என்பதால், லாரி வரக் கூடாது என்று கேட்காமல், எந்த நேரத்தில் வரக் கூடாது என்று கேட்பதே சரி என்று பிறகு புரிந்துகொண்டோம்.

பெண்கள் நான்கு பேர் பள்ளி வாசலில் உட்கார்ந்து, ஒரு வாரம், காலை எட்டரை முதல் ஒன்பதரை வரையும் மாலை நாலு முதல் ஐந்து வரையும் கடந்த வண்டிகளைப் பள்ளி நோட்டில் குறித்தோம்: நேரம், வண்டியின் வகை, சுமை ஏற்றியதா, காலியா என்று. அந்த நோட்டின் நகலோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுத்தோம். அங்கே இருந்த அலுவலர் மனுவை விட அந்த நோட்டைத்தான் புரட்டிப் பார்த்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 115, குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வகை வாகனங்களைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ அதிகாரம் தருகிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடை என்றால் அரசிதழில் வெளியிட வேண்டியதில்லை, அந்த வட்டாரத்தில் அறிவித்தால் போதும். அறுவடையின் நெருக்கடி ஏறக்குறைய ஒரு மாதம்தானே, அதையே மனுவில் எழுதுங்கள்.

ஆணைக்குக் காத்திருக்கும்போதே போக்குவரத்து ஒப்பந்தக்காரரிடமும் சுமை தூக்கும் தொழிலாளர்களிடமும் நேரில் பேசுங்கள். லாரி பள்ளி விடும் நேரத்தில் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓட்டுநர் இல்லை; மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏற்றத் தொடங்கினால் நாலு மணிக்குத்தான் சுமை முடிகிறது. எங்கள் ஊரில் ஏற்றும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தியதில் பாதித் தொல்லை தீர்ந்தது. மீதிக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத்தான் சொல்ல வேண்டும். அது மூடியிருக்கும் நேரமெல்லாம் சுற்றிப் போகும் வண்டிகள் உள்சாலைகளில் நுழைந்துவிடுகின்றன.

வேகத்தடை கேட்பதாக இருந்தால், சாலை ஊராட்சியுடையதா, ஊராட்சி ஒன்றியத்தினுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தவறான அலுவலகத்தில் கொடுத்து ஓராண்டை இழந்தவர்கள் நாங்கள். நீங்களாகச் சிமென்டு கொட்டித் தடை அமைத்துவிடாதீர்கள். இந்தியச் சாலைப் பேராய நெறிமுறையில், 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான வட்ட வடிவத் தடைக்கு 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் சொல்லப்பட்டிருக்கிறது. கையகல மேடு வேகத்தைக் குறைக்காது, இரவில் இரு சக்கர வண்டியைத்தான் கவிழ்க்கும்.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்துப் பிழையையும் சொல்லியாக வேண்டும். ஈர நெல்லைச் சாலையில் பாதி அகலத்துக்குக் கொட்டி, சுற்றிலும் செங்கல் அடுக்கி, இருட்டிய பிறகும் அப்படியே விட்டுவிடுகிறோம். போன தையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் அந்தச் செங்கல்லில் ஏறி விழுந்து மணிக்கட்டு முறிந்து கிடந்தான்; அது என் நெல். அன்றிலிருந்து மாலை ஐந்தரைக்குள் நெல்லை வாரிக் கல்லை எடுத்துவிடுகிறேன். பதினாறு வயதுப் பையனிடம் டிராக்டர் சாவியைக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். வண்டி உரிமையாளருக்கு மூன்றாண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது என்பதும் 2019 திருத்தத்திலிருந்து சட்டமாக இருக்கிறது.

வெண்ணாற்றுப் பாசனம்

எழுத்தர் ஐயா பம்பு செட் வயரைப் பற்றிக் குறிப்பிட்டதால் ஒரு செய்தி. எங்கள் பகுதியில் மோட்டார் கொட்டகைகளில் கேபிளை வெட்டிச் சென்றபோது, வாய்க்கால் கரையில் ஓரிடத்தில் கருகிய பிளாஸ்டிக் கசடு வட்டமாகக் கிடந்தது. செம்புக்காக அங்கே வைத்து எரித்திருக்கிறார்கள். அதைப் படம் எடுத்துப் புகாரோடு கொடுத்த பிறகுதான் பழைய இரும்புக் கடைகளில் விசாரிக்கக் காவலர் சென்றார். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 317இன்படி தண்டனைக்குரியது. உங்கள் ஊரில் எரித்த இடம் இருந்தால் மழைக்கு முன் படம் எடுத்துவிடுங்கள். கண்காணிப்புக் கேமரா உள்ள கடை ஏதேனும் அந்த வழியில் இருந்தால் உடனே போய்க் கேளுங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். கருவியின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்றும் பாருங்கள். எங்கள் ஊர்க் கடையில் அது நாற்பது நிமிடம் பின்தங்கியிருந்ததால் வேறொரு வண்டியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

குடமுருட்டிக் கரை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். அண்ணியின் புகாரை நிலையத்தில் வாங்கத் தயங்கினார்கள். கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் பதிவு அஞ்சல் போன ஆறாம் நாள் முதல் தகவல் அறிக்கை பதிவாகி, நகலும் கைக்கு வந்தது. பிரிவு 309 என்றே போட்டிருக்கிறார்கள். ஓர் உதவி ஆய்வாளர் வீட்டுக்கு வந்து, அறுந்த துண்டை அளந்து பார்த்து, அண்ணியிடம் ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைவீதியில் கேமரா பதிவு அழிந்துவிட்டது என்பதுதான் வருத்தம். முதல் வாரத்திலேயே கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று கடைக்காரர் சொன்னார்.

பிள்ளையார் கோயில் தூணில் பட்டாப் புத்தகம் தொங்குகிறது. வாரத்தில் நான்கு அல்லது ஐந்து நாள் கையெழுத்து விழுகிறது, பெரும்பாலும் ஐந்து மணிக்குச் சற்று முன்னால். லாரிகளுக்கு ஆட்சியரின் ஆணை இன்னும் வரவில்லை. ஒப்பந்தக்காரர் மாலை நாலு முதல் ஐந்து வரை வண்டி விடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் தவிர வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார். அந்த இரண்டு நாளும் நோட்டில் இருக்கின்றன. இளைஞர்கள் தடியை வைத்துவிட்டு இருவர் இருவராகப் பாலத்தில் உட்காருகிறார்கள். கீதாரியிடம் ஊர் சார்பில் நானும் நிலத்துக்காரரும் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் மோர் கொடுத்து உட்காரச் சொன்னார்.

அண்ணி இப்போது எதிர்வீட்டு அம்மாவோடு சேர்ந்து ஆறு மணிக்குத்தான் கோலம் போடுகிறார். சங்கிலி கிடைக்கவில்லை. தொண்ணூறாம் நாளை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். அதற்குள் நிலையத்திலிருந்து தகவல் வராவிட்டால் அன்று நேரில் சென்று கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.